வெள்ளைக் கதிரில் மஞ்சள் மணி: நாட்டு மக்காச்சோளமும் ஒட்டு ரகமும், மூன்று பருவக் குறிப்புகள்

முதல் பருவ அறுவடையில் நாட்டு மக்காச்சோளக் கதிர் ஒன்றின் தோகையை உரித்தபோது, வெள்ளை மணிகளுக்கு நடுவே ஏழெட்டு மஞ்சள் மணிகள் பதிந்திருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த கதிரிலும் அப்படியே. இருபது கதிர் உரிப்பதற்குள் விஷயம் புரிந்துபோய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நான் விதைத்தது சுத்த வெள்ளை. பக்கத்தில் நின்றது மஞ்சள் ஒட்டு ரகம், அதாவது கடையில் வாங்கிய கலப்பின விதை. காற்று அதன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

ஆரம்பத்தில் நான் நினைத்தது மிக எளிய ஒப்பீடு. நாட்டு ரகம் ஒன்று, கடை விதை ஒன்று, அருகருகே விதைத்து எது தேறுகிறது என்று பார்க்க வேண்டும். "நாட்டு ரகத்துக்கு உரமே வேண்டாம், பூச்சி அண்டாது" என்று ஒரு பக்கம் அடித்துச் சொல்கிறார்கள். "பழைய விதையைக் கட்டிக்கொண்டு அழாதே" என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்திலும் எடைபோட்டுப் பார்த்தவர்கள் குறைவு என்று எனக்கு ஒரு சந்தேகம். அதனால் முதலில் ஒரு நல்ல தராசு வாங்கினேன். தராசு மட்டும் போதாது என்று தெரியவே ஒரு பருவம் ஆனது.

நாட்டு விதை கொடுத்தவர் வயதான விவசாயி. அடுப்புக்கு மேலே தோகையோடு முடிந்து கட்டித் தொங்கவிட்டிருந்த கதிர்களில் 30 எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "ஒரு கதிரிலேயே விதை எடுக்காதே. எல்லாக் கதிரிலும் கொஞ்சம் கொஞ்சம் உதிர்த்துக் கலந்து போடு." நான் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இருப்பதிலேயே கொழுத்த 6 கதிர்களைப் பொறுக்கி, அவற்றிலிருந்து மட்டும் விதைத்தேன். மீதி 24 கதிர் அப்படியே கட்டித் தொங்கின. நல்லவேளை.

முதல் பருவத்தில் நிலத்தை இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதியில் ஒட்டு ரகம், மேற்குப் பாதியில் நாட்டு ரகம் போட்டேன். இரண்டுக்கும் வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. இரண்டுக்கும் ஒரே அளவு யூரியா. சமமாக நடத்துவதுதான் நியாயம் என்று நினைத்தேன். இதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று பிறகு எண்ணிப் பார்த்தேன்.

முதல் தப்பு, கிழக்குப் பாதியில் முன்பு எருக்குழி இருந்தது. அது மூடிப் பல வருடம் ஆகியிருந்தாலும் அங்கே எது போட்டாலும் கருகருவென்று வளரும். ஒட்டு ரகம் அங்கேதான் நின்றது. அது நாட்டு ரகத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விளைந்ததில் விதைக்கு எவ்வளவு பங்கு, பழைய சாணிக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, இடைவெளி. ஒட்டு ரகங்கள் நெருக்கத்தைத் தாங்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. இலைகள் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும், ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் அவ்வளவாக விழாது. நாட்டுச் செடியோ கைகளை விரித்தாற்போல் இலையைப் பரப்பும். அதை 25 சென்டிமீட்டரில் நட்டால் வெளிச்சத்துக்காக ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு உயரும். என் பாதியில் 3 மீட்டர் வரை போயிற்று. கதிர் என் தலைக்கு மேலே பிடித்தது.

மூன்றாவது, யூரியா. கிடைத்த தழைச்சத்தையெல்லாம் (நைட்ரஜன்) நாட்டுச் செடி தட்டைக்கும், அதாவது தண்டுக்கும் இலைக்கும், உயரத்துக்கும் செலவழித்தது. ஒருநாள் இரவு காற்றோடு மழை வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் பாய் விரித்ததுபோல் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த பயிரில் நடப்பதைவிட மனசு வலிக்கும் வேலை தோட்டத்தில் வேறில்லை. அந்தப் பக்கம் ஒட்டு ரகம் ஆளுயரத்தில் அசையாமல் நின்றது.

கோதுமையிலும் நெல்லிலும் உலகமே மல்லுக்கட்டிய பிரச்சினை இது. உயரமான பயிருக்கு உரம் போட்டால் சாயும். சாய்ந்தால் போட்ட உரம் வீண். அதனால்தான் குட்டை மரபணுவைத் தேடிப் போனார்கள். 1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல்லுக்குத் தாய் இந்தோனேசியாவின் பேட்டா என்ற நெட்டை ரகம். அதைக் குட்டையாக்கிய தந்தை தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென். இந்தத் தந்தை ஒரு பாரம்பரிய ரகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாட்டு ரகம் என்றாலே நெட்டை, புது ரகம் என்றாலே குட்டை என்று பேசுகிறோம். அந்தக் குட்டையே ஒரு நாட்டு ரகத்திலிருந்து வந்ததுதான்.

நான்காவது தப்பு மஞ்சள் மணி. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

மக்காச்சோளத்தில் ஆண் பூ உச்சியில் இருக்கும். பெண் பூ, அதாவது கதிர், நடுத்தண்டில் இருக்கும். கதிர் நுனியில் வெளியே தொங்கும் பட்டிழைகள் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணிக்குப் போகிற வழி. எந்த மகரந்தம் அந்த இழையில் விழுகிறதோ அதுதான் அந்த மணிக்குத் தந்தை. ஆகவே ஒரே கதிரில் ஐந்நூறு மணி இருந்தால் ஐந்நூறுக்கும் தாய் ஒன்று, தந்தைகள் எத்தனையோ. மணிக்குள் இருக்கும் மாவுப் பகுதியில் மஞ்சள் நிறம் ஓங்கியது, வெள்ளை ஒடுங்கியது. அதனால் வெள்ளைச் செடியின் இழையில் மஞ்சள் ரகத்தின் மகரந்தம் விழுந்தால், அடுத்த தலைமுறைவரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மணியே மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டு ரகம் விதைத்த 54-ஆம் நாளிலிருந்து 60-ஆம் நாளுக்குள் பூத்து முடித்துவிட்டது. நாட்டு ரகம் 58-ல் ஆரம்பித்து 75 வரை ஆற அமரப் பூத்தது. இரண்டும் சேர்ந்து பூத்த அந்த இரண்டு மூன்று நாளில் முந்திக்கொண்டு இழை விட்ட செடிகளில்தான் மஞ்சள் மணி. பிந்திப் பூத்த கதிர்கள் சுத்த வெள்ளை.

முதலில் எல்லாம் பாழ் என்றுதான் நினைத்தேன். நிதானமாக யோசித்தபோது இந்த நிறமே எனக்குக் கிடைத்த வரம் என்று புரிந்தது. ஒட்டு ரகத்தின் இரு பெற்றோரும் மஞ்சள் என்றால் அதன் மகரந்தம் ஒவ்வொன்றும் மஞ்சளையே சுமக்கும். அது விழுந்த மணி எதுவும் வெள்ளையாகத் தப்ப முடியாது. அப்படியானால் மஞ்சளைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கும் வெள்ளையில் அந்தக் கலப்பு இல்லை. இரண்டு மாலை வேலை. ஒரு முறத்தில் உதிர்த்து, வெளிச்சத்தில் வைத்து, வெளிர்மஞ்சளாகச் சந்தேகம் தந்ததையும் சேர்த்து ஒதுக்கினேன். நிறம் இப்படி உதவாத ரகங்களாக இருந்திருந்தால் கலப்பு நடந்ததே தெரியாமல் "நாட்டு விதை" என்று நாலு பேருக்குக் கொடுத்திருப்பேன்.

இரண்டாம் பருவத்தில் புத்தி வந்து, 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் 12 பாத்தி போட்டேன். இரண்டு ரகம், இரண்டு வகைத் தீனி, ஒவ்வொன்றும் மூன்று பாத்தி. எது எந்தப் பாத்தி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தேன். இல்லாவிட்டால் என் கை தானாகவே நல்ல இடத்தைப் பிடித்தமானதற்குக் கொடுத்துவிடும். பழைய எருக்குழியை அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

எல்லாப் பாத்திக்கும் 24 கிலோ மட்கிய எரு. பாதிப் பாத்திகளுக்கு அதற்கு மேல் யூரியா 390 கிராம், 130 கிராமாக மூன்று தவணை. ஹெக்டேருக்குச் சுமார் 150 கிலோ தழைச்சத்து என்ற கணக்கில் வருகிறது. இடைவெளியில் இந்த முறை ஒவ்வொன்றுக்கும் அதனதன் பழக்கம்: ஒட்டு ரகத்துக்கு 60-க்கு 25, பாத்திக்கு 80 செடி. நாட்டு ரகத்துக்கு 75-க்கு 30, பாத்திக்கு 52 செடி. ஓரத்துச் செடிகளுக்கு வெளிச்சம் கூடுதல் என்பதால் அவற்றை எடையில் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த 42 ஒட்டுச் செடிகளும் 22 நாட்டுச் செடிகளும் மட்டும் கணக்கு, அவை நின்ற பரப்பால் வகுத்து.

ஈரத்தைச் சரிக்கட்டாமல் எடை போடுவதும் ஏமாற்று. நாட்டு ரகம் மூன்று வாரம் பிந்தி முற்றியது. ஒரே நாளில் அறுத்தால் ஒன்று காய்ந்து, ஒன்று பச்சையாக இருக்கும். இரண்டையும் அதது முற்றியபின் அறுத்து, நிழலில் காயவைத்து, உப்புச் சோதனை செய்தேன். காய்ந்த கண்ணாடிக் குப்பியில் நன்றாக வறுத்து ஆறிய உப்பையும் மணிகளையும் போட்டுச் சில நிமிடம் குலுக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் சேமிக்கும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. இதைவிட மலிவான கருவி கிடையாது.

சதுர மீட்டருக்குக் கிடைத்த மணியின் எடை, மூன்று பாத்தியின் சராசரி: யூரியா போட்ட ஒட்டு ரகம் 690 கிராம். எரு மட்டும் போட்ட ஒட்டு ரகம் 410. யூரியா போட்ட நாட்டு ரகம் 300. எரு மட்டும் போட்ட நாட்டு ரகம் 285.

நாட்டு ரகத்தை விரும்புகிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் கசப்போடுதான் நோட்டில் எழுதினேன். எரு மட்டும் போட்ட பாத்தியிலும் ஒட்டு ரகம்தான் முன்னே. "தீனி குறைந்தால் நாட்டு ரகம் ஜெயிக்கும்" என்ற என் நம்பிக்கை என் மண்ணில் நிற்கவில்லை. ஆனால் இன்னொரு கோணத்திலும் அந்த நான்கு எண்ணைப் படிக்கலாம். யூரியாவை நிறுத்தினால் ஒட்டு ரகம் 280 கிராமை இழக்கிறது. நாட்டு ரகம் இழப்பது 15 கிராம். தராசில் நான் செய்யும் பிழையே அவ்வளவு இருக்கும். உரத்தைக் கொடுத்தால் பெற்றுக்கொள்ளத் தெரிந்தது ஒன்று, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருப்பது இன்னொன்று.

"உரமே வேண்டாத மக்காச்சோளம்" என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் சியர்ரா மிஹே பகுதியில் ஒரு நாட்டு மக்காச்சோளம் இருக்கிறது. தண்டின் மேல் கணுக்களிலிருந்தும் வேர் விட்டு, அந்த வேர்களில் கூழ்போல் ஒரு பசையை வடிக்கும். அதில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. தன் தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் வரை அது காற்றிலிருந்து பெறுகிறது என்று 2018-ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த ரகத்துக்கு அது உண்மை. என் தோட்டத்து வெள்ளை ரகத்தின் கணுக்களை நான் பல காலை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பசையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு நாட்டு ரகத்தின் குணத்தை எல்லா நாட்டு ரகத்தின் தலையிலும் கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நாம் அதிகம் செய்யும் பிழை.

மணியை மட்டும் எடை போட்டதோடு நிற்காமல், காய்ந்த தட்டையையும் எடை போட்டேன். ஒட்டு ரகத்தில் மொத்த எடையில் பாதி மணி. நாட்டு ரகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. புது ரகத்தின் சாமர்த்தியத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. அது அதிகமாக வளர்கிறது என்பதைவிட, வளர்ந்ததை மணிக்குத் திருப்பிவிடுகிறது. மாடு வைத்திருப்பவருக்கு அந்தத் தட்டை வீணில்லை. எனக்கு மாடு இல்லை.

சரி, விதை விஷயம். கலப்பில்லாமல் நாட்டு விதை எடுக்க இரண்டு வழி: ஒட்டு ரகம் பூக்கும் காலத்தைத் தவிர்த்து விதைப்பது, அல்லது கையால் மகரந்தம் சேர்ப்பது. இரண்டாம் பருவத்தில் ஓரத்துச் செடிகளில் கைவேலையை முயன்றேன். பட்டிழை வெளியே வருவதற்கு முன்பே கதிரை மூடிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் போயிற்று. ஆண் பூவை முந்தின மாலையே பையால் மூடிக் கட்டி, மறுநாள் காலை பனி உலர்ந்தபின் வளைத்துத் தட்டினால் மஞ்சள் தூளாக மகரந்தம் பையில் விழும். பத்துப் பதினைந்து செடிகளின் தூளைக் கலந்து, மூடிய கதிரைத் திறந்து, இழைகளின் மேல் தூவி, உடனே மறுபடி மூட வேண்டும். வெயில் ஏறினால் மகரந்தம் சீக்கிரம் செத்துவிடும்.

முதல் 8 கதிர்களை பிளாஸ்டிக் உறையால் மூடினேன். உள்ளே வியர்த்து, இழை அழுகி, எட்டும் வீண். அதன்பின் பழுப்புக் காகிதப் பைகளைத் தைத்து மெழுகு தேய்த்துப் பயன்படுத்தினேன். 52 கதிர் மூடியதில் 41 நன்றாகப் பிடித்தது. மற்றவை மழை, எறும்பு, என் சோம்பல். பையில்லாமல் விட்ட கதிர்களை விதைக்கு எடுக்கவே இல்லை.

இழையையும் மகரந்தத்தையும் துரத்திக்கொண்டு ஏணியோடு அலைந்த அந்த இரண்டு வாரத்தில், விதை நிறுவனங்கள் ஏன் இந்த வேலையைத் தவிர்க்கப் பார்த்தன என்று நன்றாகப் புரிந்தது. ஒட்டு விதை உற்பத்தியில் தாய் வரிசையின் ஆண் பூவையெல்லாம் ஒடித்து எறிய வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கூலியை மிச்சப்படுத்த, மகரந்தமே உண்டாகாத ஒரு மலட்டுத் தாயை எல்லோரும் பயன்படுத்தினார்கள். 1970 வாக்கில் அந்நாட்டு மக்காச்சோள வயல்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதே தாய்வழி. வெவ்வேறு பெயரில் வெவ்வேறு ஒட்டு ரகம் வாங்கினாலும் உள்ளே பாட்டி ஒருத்தியே. அந்தத் தாய்வழியையே குறிவைத்துத் தாக்கும் ஒரு பூஞ்சை வகை அந்த ஆண்டு பரவி, நாட்டின் மொத்த விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைக் கொண்டுபோனது.

ஒட்டு ரகத்திலிருந்தும் விதை எடுத்துப் பார்த்தேன். செய்யாதே என்று பையிலேயே எழுதியிருக்கிறது. எழுதியிருந்தால் செய்து பார்க்கத்தானே தோன்றும். முதல் பருவ ஒட்டு ரகத்தின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த மணிகளை இரண்டாம் பருவத்தில் தனியாக ஒரு பாத்தியில், முழு உரத்தோடு, நான்கு வாரம் தள்ளி விதைத்தேன். அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாத மாதிரி ஒரு கூட்டம் முளைத்தது. பெற்றோர் எல்லாம் 2 மீட்டரில் வெட்டிவிட்டதுபோல் நின்றவர்கள், பிள்ளைகள் 1.4 மீட்டரிலிருந்து 2.4 வரை. விளைச்சல் சதுர மீட்டருக்கு 470 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துப் பல தலைமுறை வளர்த்த இரண்டு தூய வழிகளைக் கலந்தால் கிடைக்கும் வீரியம் முதல் தலைமுறையில்தான் உச்சம். அடுத்த தலைமுறையில் அந்தக் கலப்புத் தன்மை பாதியாகக் குறைகிறது. மக்காச்சோளத்தைத் தனக்குத் தானே மகரந்தம் சேர்க்க விட்டால் நோஞ்சானாகிறது, அந்த நோஞ்சான்களைக் கலந்தால் திமிறி எழுகிறது என்று அமெரிக்கத் தாவரவியலாளர் ஜார்ஜ் ஷல் 1908-ல் எழுதினார். இந்த ஒட்டு விதைத் தொழில் முழுவதும் அந்தக் கவனிப்பின் மேல் நிற்கிறது.

நான்கு வாரம் தள்ளி விதைத்ததற்குக் காரணம் உண்டு, இது முக்கியம். முதல் பருவத்தில் மஞ்சள் பக்கமும் வெள்ளை மகரந்தத்தைக் கொஞ்சம் வாங்கியிருக்கும். அந்த மணிகள் வெளியே மஞ்சள், உள்ளே பாதி வெள்ளை. அவை வளர்ந்து பூத்தால் அவற்றின் மகரந்தத்தில் பாதி வெள்ளையைச் சுமக்கும். அது என் நாட்டுக் கதிரில் விழுந்தால் மணி வெள்ளையாகவே இருக்கும். கலப்பு நடந்ததற்கு எந்த அடையாளமும் இருக்காது. மஞ்சள் மணியை நம்பி நான் செய்த காவலையெல்லாம் அந்த ஒரு பாத்தி தகர்த்துவிடும். அதே காரணத்தால் அந்த 470 என்ற எண்ணும் முழுச் சுத்தம் இல்லை என்று நோட்டில் குறித்திருக்கிறேன்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். புது ரகம் எதிலுமே விதை எடுக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒட்டு ரகம் வேறு, மேம்படுத்திய தூய ரகம் வேறு. வரப்பில் போட்ட தட்டைப்பயறில் ஒன்று நாட்டு ரகம், ஒன்று ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த தூய ரகம். தட்டைப்பயறு பூ விரிவதற்குள்ளேயே பெரும்பாலும் தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். மூன்று பருவமாக இரண்டிலிருந்தும் விதை எடுக்கிறேன். இரண்டும் தன் ஜாடை மாறாமல் வருகின்றன. நெல், கோதுமையிலும் இதே கதைதான். நாட்டுத் தட்டைப்பயறில் வெள்ளை, பழுப்பு, புள்ளி என்று ஐந்து வகை மணி கலந்திருந்தது. முதலில் நிறம் பார்த்துப் பிரித்து "சுத்தம்" செய்யப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தக் கலவைதானே அந்த ரகம்.

நாட்டு ரகத்தைச் சட்டப்படி ஒரு ரகமாகப் பதிவு செய்வது கடினமாக இருப்பதும் இதனால்தான். 1961-ல் உண்டான பன்னாட்டுப் புதிய பயிர் ரகப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒரு ரகத்திடம் முக்கியமாக மூன்றைக் கேட்கிறது: மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும், செடிக்குச் செடி ஒத்திருக்க வேண்டும், தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் இருக்க வேண்டும். என் வெள்ளை மக்காச்சோளம் பின் இரண்டு கேள்விக்கும் உதட்டைப் பிதுக்கும்.

மூன்றாம் பருவத்தில் அதே 12 பாத்தி. விதைத்த 52-ஆம் நாள் மோட்டார் நின்றது. சுருள் கருகிவிட்டது. கழற்றிக்கொண்டு போய் வேறு கம்பி சுற்றி வாங்கிவர 9 நாள். மழையும் இல்லை. ஒட்டு ரகம் பூக்கும் வாரம் சரியாக அதுதான்.

தண்ணீர் குறைந்தால் மக்காச்சோளத்தில் முதலில் பிந்துவது பட்டிழை. ஆண் பூ நேரத்துக்கு வந்து கொட்டிவிடும், இழை பிறகு வெளியே வந்து பார்த்தால் தூள் தீர்ந்திருக்கும். அந்த இடத்தில் மணி பிடிக்காது. அறுவடையில் ஒட்டு ரகக் கதிர்கள் எல்லாமே ஒரே மாதிரி, நுனியில் பாதி பொக்கையாக வந்தன. நாட்டு ரகத்தில் முந்திப் பூத்தவை பொக்கை. மோட்டார் வந்தபின் பூத்தவை நிறைவாக இருந்தன. எடை: யூரியா போட்ட ஒட்டு ரகம் 340, எரு மட்டும் போட்டது 260, நாட்டு ரகம் யூரியாவில் 215, எருவில் 230. இந்தப் பருவமும் ஒட்டு ரகம் முன்னேதான். ஆனால் யூரியா போட்ட ஒட்டு ரகம் போன பருவத்தில் இருந்ததில் பாதிக்கு இறங்கியது. நாட்டு ரகம் சுமார் கால் பங்கு இறங்கியது. இதில் வறட்சி தாங்கும் மாயம் ஒன்றும் இல்லை. எல்லா முட்டையையும் ஒரே வாரத்தில் இடாததுதான் விஷயம். மோட்டார் 60-ஆம் நாளில் பழுதாகியிருந்தால் கதை தலைகீழாகவும் இருந்திருக்கலாம்.

நாட்டு ரகம் தெளிவாக ஜெயித்த இடம் நான் எதிர்பாராத ஒன்று: சேமிப்பு. இரண்டாம் பருவக் கதிர்களைத் தோகையோடு நான்கு மாதம் தொங்கவிட்டிருந்தேன். நாட்டுக் கதிரில் தோகை நுனியைத் தாண்டி நீண்டு இறுகி மூடியிருக்கும். மணி கெட்டி, கண்ணாடிபோல் வழவழப்பு. ஒட்டு ரகத்தில் கதிர் வளர்ந்து தோகையை முட்டித் திறந்துவிடும். மணியின் தலையில் பள்ளம், உள்ளே மாவு மெத்தென்று இருக்கும். கூன்வண்டுக்கு விருந்து. நூறு மணி எடுத்து எண்ணினால் ஒட்டு ரகத்தில் 31-ல் ஓட்டை, நாட்டு ரகத்தில் 9-ல். காற்றுப்புகாத டப்பாவில் போட்டிருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. டப்பா இல்லாத காலத்தில் தலைமுறை தலைமுறையாக யாரோ கதிரைத் தடவிப் பார்த்துத் தோகை இறுகியதையே விதைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். என் தராசு அதை எடை போடவே இல்லை.

தோற்கும் செடியை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போதெல்லாம் ஒரு கோதுமைதான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்கப் பயிர் ஆய்வாளர் ஜாக் ஹார்லன் 1948-ல் துருக்கியில் சேகரித்தது, பி.ஐ. 178383 என்று எண் போட்டு வைத்தார்கள். நெட்டை, மெல்லிய தண்டு, சாயும், மாவும் நன்றாக இல்லை. ஏறக்குறைய 15 வருடம் யாரும் சீண்டவில்லை. 1960-களில் அமெரிக்காவின் வடமேற்கில் வரித் துரு நோய் பெரிதாக வந்தபோது, அதன் நான்கு வகைகளையும், அதோடு கரிப்பூட்டை நோயின் பல வகைகளையும் தாங்கும் குணம் இந்தக் கோதுமையில் இருந்தது. அதன் பிறகு அந்தப் பகுதியின் இனப்பெருக்கத் திட்டங்கள் எல்லாவற்றிலும் அது புகுந்தது. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நாட்டு நெல்லும் அப்படித்தான். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் அதன் மரபணுவைச் சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்து 2009-ல் சுவர்ணா-சப்1 என்று வெளியிட்டார்கள்.

என் வெள்ளை ரகத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு வசதி இல்லை. கெடுக்காமல் வைத்திருப்பது மட்டும் என் கையில் இருக்கிறது. அதனால் மூன்றாம் பருவத்தில் விதைக்கென்று தனிப் பாத்தி, மற்றவற்றுக்கு ஐந்து வாரம் பிந்தி விதைத்தேன். கைவேலையில் கிடைத்த 41 கதிரிலிருந்து கதிருக்கு 50 மணி. பெரியவர் கொடுத்த பழைய 24 கதிரில் வண்டு விட்டுவைத்ததும் சேர்த்து. கொழுத்த கதிர்களை மட்டும் பொறுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். பாத்தியின் ஓரத்தில் தனியாக நின்ற செடிக்குக் கதிர் பெருக்கும். அது இடத்தின் புண்ணியம், விதையின் புண்ணியம் இல்லை. நிலத்தைச் சிறு கட்டங்களாக மனதில் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நெருக்கத்தில் நின்று சாயாமல் தோகை மூடிய இரண்டு மூன்று செடிகளுக்கு நூல் கட்டினேன். கடைசியில் 110 கதிர் விதைக்கு வந்தது. கொழுத்த 6 கதிரோடு ஆரம்பித்தவன் நான்.

காய்ந்த விதையில் பாதி கண்ணாடிக் குப்பியில், வாய் இறுக்கி, குளிர்ந்த இருட்டு மூலையில் இருக்கிறது. ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது விதை சேமிப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. மீதிப் பாதியை அடுத்த பருவத்துக்கு வெளியே வைத்திருக்கிறேன். மணிக்காக ஒட்டு ரகத்தையும் போடப்போகிறேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. வெள்ளை பூத்து முடிந்தபின் அது பூக்கும்படி நாள் எண்ணி வைத்தாகிவிட்டது.

அந்த 110 கதிரையும் நேற்று உரித்து முடித்தேன். மூன்று மஞ்சள் மணி இருந்தது. மூன்றும் ஒரே கதிரில். எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே கதிரோடு தூக்கிக் கோழிக்குப் போட்டேன்.